கீழே பப், மேலே படுக்கையறை: தீ வந்தால் யார் பொறுப்பு?

இங்கிலாந்தில் பப் ஒன்றைக் குத்தகைக்கு எடுப்பவர் பெரும்பாலும் அதன் மேல்மாடி வீட்டையும் சேர்த்தே எடுக்கிறார். கீழே மதுக்கூடம், சமையலறை, பீர் பீப்பாய்கள் அடுக்கிய நிலவறை. மேலே இரண்டோ மூன்றோ படுக்கையறைகள், ஒரு சிறு கூடம், குடும்பம். வாடகை ஒன்று, சாவிக்கொத்து ஒன்று. பல பழைய கட்டடங்களில் மாடிப்படியும் ஒன்றுதான். தீப் பாதுகாப்பு என்று வரும்போது மட்டும் அந்தக் கட்டடம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. கீழ்ப்பகுதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் மேல்பகுதியின் வாசலோடு நின்றுவிடுகிறது. குத்தகைப் பத்திரமோ சட்டம் போட்ட கோட்டைப் பார்க்காமல் தன் போக்கில் வேறொரு கோட்டைக் கிழிக்கிறது.

இந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் சிக்கலே. "கட்டடம் அவர்களுடையது, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று குத்தகைதாரர் இருப்பார். "தொழில் நடத்துபவர் அவர்தானே" என்று உரிமையாளர் இருப்பார். சரியாக மூடாத கதவும், குழாய்க்காகத் துளைத்து அடைக்காமல் விட்ட கூரையும் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். சட்டத்தை ஊன்றிப் படித்தால் இருவருக்கும் தப்ப வழியில்லை என்பதுதான் என் வாசிப்பு. குத்தகைப் பத்திரத்தின் பழுதுபார்ப்பு விதியில் யார் பெயர் இருக்கிறதோ, அந்த அளவுக்குத் தீப் பொறுப்பும் அவர் தலையில் ஏறிவிடுகிறது. பத்திரத்தைக் கையெழுத்திடும் நாளில் இதை யோசிப்பவர்கள் குறைவு.

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1969 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், எஸ்ஸெக்ஸின் சாஃப்ரன் வால்டன் ஊரில் ரோஸ் அண்ட் கிரவுன் என்ற பழைய விடுதி தீப்பிடித்து 11 பேர் இறந்தார்கள். அந்த அதிர்ச்சியின் பின்னணியில் 1971இல் தீ முன்னெச்சரிக்கைச் சட்டம் வந்தது. தீயணைப்பு அதிகாரி கட்டடத்தைப் பார்வையிடுவார், இதைச் செய், அதை மாற்று என்பார், எல்லாம் முடிந்ததும் சான்றிதழ் தருவார். சான்றிதழ் இருந்தால் நிம்மதி. ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் இந்த முறை ஓடியது.

2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த தீப் பாதுகாப்பு ஆணை அதைத் தலைகீழாக்கியது. சான்றிதழ் ஒழிந்தது. ஆபத்தை ஆராய்வது, குறிப்பது, சரிசெய்வது, தொடர்ந்து பராமரிப்பது என எல்லாமே இடத்தை நடத்துபவரின் கடமையாயிற்று. தீயணைப்புத் துறை இப்போது சோதித்துப் பார்க்கும், நோட்டீஸ் கொடுக்கும், வழக்குப் போடும். வழிகாட்டி வேலை முன்னைப்போல அதனுடையது அல்ல. ஆனாலும் பப் தொழிலில் பழைய மனநிலை இன்னும் போகவில்லை. "இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை" என்பதை இன்றும் ஒரு சான்றிதழாகவே நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் ஒன்றும் சொல்லாதது சட்டப்படி எதற்கும் உத்தரவாதம் இல்லை.

ஆணையின் மூன்றாவது பிரிவு 'பொறுப்பாளர்' யார் என்று சொல்கிறது. அந்த இடம் ஒரு பணியிடமாக இருந்து, அது ஓரளவுக்காவது முதலாளியின் கட்டுப்பாட்டில் இருந்தால் அந்த முதலாளிதான் பொறுப்பாளர். பணியாள் யாரும் இல்லாமல் கணவனும் மனைவியுமாகவே கடையை நடத்தினாலும் தப்பிக்க முடியாது. தொழிலின் பொருட்டு இடத்தைத் தன் கையில் வைத்திருப்பவர் பொறுப்பாளர் ஆகிறார். ஆக, குத்தகைக்கு எடுத்த பப்பில் முதல் பொறுப்பாளர் குத்தகைதாரர். இதுவரை எல்லோருக்கும் தெரியும்.

பலர் படிக்காமல் தாண்டிப் போவது ஐந்தாவது பிரிவை. ஒப்பந்தத்தின்படியோ குத்தகையின்படியோ ஓர் இடத்தைப் பராமரிக்கவோ பழுதுபார்க்கவோ அதன் பாதுகாப்பைக் கவனிக்கவோ ஒருவர் கடமைப்பட்டிருந்தால், அந்தக் கடமையின் அளவுக்கு அந்த இடம் அவர் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே கொள்ளப்படும் என்கிறது அது. கூரையையும் வெளிச்சுவரையும் கட்டமைப்பையும் பார்த்துக்கொள்வதாக உரிமையாளர் பத்திரத்தில் ஒப்புக்கொண்டிருந்தால், மதுக்கூடத்துக்கும் மேல்வீட்டுக்கும் இடையிலுள்ள தளம் தீயைத் தாங்காத நிலையில் கிடப்பது அவருக்கும் குற்றமாகலாம். மாறாக, 'எல்லாப் பழுதும் எல்லாக் காப்பீடும் குத்தகைதாரர் செலவு' என்ற வகைப் பத்திரத்தில் கையெழுத்திட்டிருந்தால், நூற்றைம்பது வயதுக் கட்டடத்தின் பாவமெல்லாம் புதிதாக வந்தவர் கணக்கில் சேரும்.

இங்கிலாந்து பப் குத்தகைகள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இதற்கு ஒரு காரணம் 1989. பெரிய பீர் காய்ச்சும் நிறுவனங்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பப்களைத் தங்கள் பிடியில் வைத்திருப்பதைக் கட்டுப்படுத்தி அந்த ஆண்டு அரசாணை வந்தது. ஆயிரக்கணக்கான பப்கள் கைமாறின. பீர் காய்ச்சாத, ஆனால் பப் கட்டடங்களை மட்டும் கட்டிக்காக்கும் நிறுவனங்கள் அப்படித்தான் உருவாயின. இன்று ஸ்டோன்கேட், பஞ்ச், அட்மிரல் டேவர்ன்ஸ், ஸ்டார், கிரீன் கிங், மார்ஸ்டன்ஸ் ஆகிய ஆறு நிறுவனங்களும் 2016இல் வந்த பப் விதித்தொகுப்பின் கீழ் வருகின்றன. 500 அல்லது அதற்கு மேற்பட்ட கட்டுப்பாட்டுப் பப்களை, அதாவது நிறுவனம் சொல்லும் இடத்திலிருந்தே பீர் வாங்க வேண்டிய பப்களை, வைத்திருப்பவர்களுக்கான விதிகள் அவை. குத்தகைக்கு எடுக்க வருபவரிடம் கட்டடத்தின் நிலையையும் பழுதுபார்ப்புக் கடமைகளையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பதும் அவற்றில் அடக்கம்.

ஒப்பந்த வகைகளை இப்படிப் புரிந்துகொள்ளலாம். மூன்று முதல் ஐந்து ஆண்டுவரையிலான குறுகிய வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலும் கட்டமைப்பு உரிமையாளருடையது, உட்புறம் வாடகைதாரருடையது. பத்து, இருபது ஆண்டு நீண்ட குத்தகைகளில் முழுப் பழுதும் குத்தகைதாரருடையதாக இருப்பது வழக்கம். நிறுவனமே சம்பளத்துக்கு மேலாளரை வைத்து நடத்தும் பப்களில் முதலாளி நிறுவனம்தான். மேலாளர் மாடியில் தங்குவது வேலையின் ஒரு பகுதி, அவருக்குக் குத்தகை உரிமை எதுவும் இல்லை. இவற்றுக்கு நடுவில் அண்மை ஆண்டுகளில் பெருகியிருக்கும் ஒரு வகைதான் கவனிக்க வேண்டியது. பப்பை நடத்துபவர் சுயதொழில் செய்பவர். விற்பனையில் ஒரு பங்கு அவருக்கு. பணியாளர்களை அமர்த்துவதும் அவரே. கட்டடம், பொருள்கள், விலைப்பட்டியல் எல்லாம் நிறுவனத்துடையவை. பணியாளர்களுக்கு முதலாளி என்ற வகையில் அவர் பொறுப்பாளர். ஆனால் ஒரு கதவை மாற்றக்கூட அவருக்கு அதிகாரம் கிடையாது. பொறுப்பும் அதிகாரமும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து கிடக்கும் ஏற்பாட்டில் கையெழுத்திடுபவர், தீப் பாதுகாப்புக்கான வேலைகளை யார் செய்வது, எத்தனை நாளில் செய்வது என்று எழுத்தில் வாங்காமல் உள்ளே போகக் கூடாது.

மாடி வீடு சட்டத்துக்கு வெளியேதானா?

ஆணையின் ஆறாவது பிரிவு தனிக் குடியிருப்புகளை விலக்குகிறது. ஒரு குடும்பம் தனக்கென்று வைத்திருக்கும் வீட்டுக்குள் தீயணைப்பு அதிகாரி நுழைந்து தீயணைப்பான் எங்கே என்று கேட்பதை யாரும் விரும்பவில்லை. நியாயம்தான். பப் நடத்துபவர் தன் மனைவி மக்களோடு மேலே இருந்தால், வாசல் கதவுக்கு உள்ளே இருப்பது வழக்கமாக ஆணைக்கு வெளியே.

ஆனால் அதே ஆணையின் இரண்டாவது பிரிவு, கீழ்த்தளத்துப் பொறுப்பாளர் யாரையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்பதை விரித்துச் சொல்கிறது. அந்த இடத்தில் முறைப்படி இருக்கக்கூடிய எவரும். அங்கே தீப்பிடித்தால் ஆபத்துக்கு உள்ளாகக்கூடிய அண்டை அயலில் இருப்பவர்களும். மதுக்கூடத்தின் கூரைக்கு மேலே உறங்கும் குழந்தையைவிட நெருங்கிய அயல் வேறு யார்? வீடு ஆணைக்கு வெளியே. வீட்டில் உறங்குபவர்கள் ஆணைக்கு உள்ளே. கீழ்த்தளத்துக்கு எழுதப்படும் ஆபத்து மதிப்பீட்டில் மேலே உறங்குபவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் அந்த மதிப்பீடு பாதி மதிப்பீடு. இந்தப் பட்டியலில் பொறுப்பாளரும் அடக்கம் என்று அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் கடமையையும் சட்டம் அவருக்கு விதித்திருக்கிறது.

இன்னும் இரண்டு கதவுகள் உண்டு. கட்டடத்தின் மற்றொரு பகுதியில் குடியிருப்பவரோடு ஏற்பாடு செய்துகொண்டு பாதுகாப்புச் சாதனங்களைப் பராமரிக்கலாம், அந்தப் பகுதி ஆணைக்கு உட்படாத இடமாக இருந்தாலும் குடியிருப்பவர் ஒத்துழைத்தாக வேண்டும் என்கிறது பதினேழாவது பிரிவு. மேல்வீட்டுக் கூடத்தில் ஒரு வெப்ப உணர்கருவி பொருத்திக் கீழ்த்தள அலாரத்தோடு இணைப்பதற்கு இதுதான் சட்ட அடிப்படை. அடுத்தது முப்பத்தொன்றாவது பிரிவு. ஆபத்து மிகக் கடுமையானால் இடத்தைப் பயன்படுத்தவே தடை விதிக்கும் அதிகாரம் தீயணைப்புத் துறைக்கு இருக்கிறது. தனி வீடாக ஒரே குடும்பம் வாழும் கட்டடத்துக்கு அந்தத் தடை பொருந்தாது. பப்புக்கு மேலுள்ள குடியிருப்புக்குப் பொருந்தும். கீழே வியாபாரம் நடக்கட்டும், மேலே இன்றிரவு முதல் ஒருவரும் படுக்கக் கூடாது என்று நோட்டீஸ் வரலாம். வந்தால் குடும்பம் அன்றே வேறு இடம் தேட வேண்டும். 21 நாளுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் மேல்முறையீடு செய்த மாத்திரத்தில் தடை விலகிவிடாது.

வாடகை வீட்டில் இருப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு பப்புக்கு மேலே வாழும் குத்தகைதாரருக்குக் கிடைக்குமா? இங்கேதான் எனக்கு ஆற்றாமை. ஏழாண்டுக்குக் குறைந்த வீட்டு வாடகைகளில் கட்டமைப்பையும் மின், எரிவாயு இணைப்புகளையும் உரிமையாளர் சரியாக வைத்திருக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டின் உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம் விதிக்கிறது. ஆனால் அதே பெயரிலுள்ள 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தொழில் குத்தகையாக இருப்பவற்றுக்கு அது பொருந்தாது. கீழே பப்பும் மேலே வீடுமாக ஒரே பத்திரத்தில் எடுத்தால் மொத்தமும் தொழில் குத்தகை. பக்கத்துத் தெருவில் ஓர் அறை எடுத்து வாழும் அவருடைய மதுக்கூடப் பணியாளருக்கு இருக்கும் உரிமை, மாடியில் குழந்தைகளோடு வாழும் அவருக்கு இல்லை. சட்டம் அவரை ஒரு வணிகராகத்தான் பார்க்கிறது. இரவில் உறங்குகிறவராகப் பார்ப்பதில்லை.

கூரை, படி, புகைக்குழாய்

பப்பில் தீ எப்போது ஆபத்தாகிறது என்பதை யோசித்தால் இந்தச் சட்ட நுணுக்கங்கள் எதற்கு என்று புரியும். கடை திறந்திருக்கும்போது தீ பிடித்தால் பத்துப் பேர் கண்ணில் படும். கடை மூடியபின், நள்ளிரவு தாண்டி, ஆளில்லாத கீழ்த்தளத்தில் அது வளர்கிறது. பொரிப்பான் முழுதாக ஆறியிருக்காது. குப்பைத்தொட்டியில் துடைத்தெறிந்த எண்ணெய்த் துணி இருக்கும். 2007 ஜூலை 1 முதல் உள்ளே புகைக்கத் தடை வந்தபின் சிகரெட் துண்டுகள் வெளிமுற்றத்துக்குப் போய்விட்டன. அந்த முற்றத்தின் மரப் பந்தல் பல பப்களில் மேல்வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழேதான் நிற்கிறது. மேலே இருப்பவருக்குக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்பதை முடிவுசெய்பவை நடுவிலுள்ள தளமும் அவர் இறங்க வேண்டிய படியும்.

தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வணிகப் பகுதிக்கும் உறங்கும் பகுதிக்கும் நடுவில் 60 நிமிடம் தீயைத் தாங்கும் தடுப்பு இருப்பதுதான் பொதுவாக எதிர்பார்க்கப்படும் அளவு. விக்டோரியா காலத்துப் பப்பின் கூரையோ மெல்லிய மரச் சட்டங்களின்மேல் பூசிய சுண்ணாம்புச் சாந்து. நல்ல நிலையில் இருந்தால் அதுவும் கொஞ்ச நேரம் தாங்கும். ஆனால் விரிசல் விட்டிருக்கும். மேலே குளியலறைக் குழாய் ஒழுகிய இடத்தில் ஒரு சதுரம் பெயர்ந்திருக்கும். ஒளிவிளக்குகள் பதிக்க ஆறேழு வட்டத் துளைகள் போட்டிருப்பார்கள். இணையக் கம்பி போக இன்னொரு துளை. பழைய நாளில் உணவை மேலேற்றிய கைத்தூக்கி ஒன்று சுவருக்குள் மறைந்திருக்கும், பலகை அடித்து மூடி வண்ணம் பூசியிருப்பார்கள். புகைக்கு அது நேர்வழி. நிலவறைக்கும் மதுக்கூடத்துக்கும் இடையே பீர்க் குழாய்கள் ஏறிவரும் துளை இன்னொன்று. சுற்றிலும் உள்ள இடைவெளியை அடைக்க வேண்டிய பொருள் விலை அதிகமில்லை. அடைக்கும் வேலை யாருடையது என்ற கேள்விக்குத்தான் விடை கிடைக்காது.

படி இதைவிட மோசம். மேல்வீட்டிலிருந்து இறங்கும் படி நேராகச் சமையலறைப் பக்கத்திலோ மதுக்கூடத்தின் பின்புறத்திலோ முடியும் அமைப்பு பழைய பப்களில் சாதாரணம். தீ எங்கே பிடிக்க அதிக வாய்ப்போ, அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். மாற்றுவழி இல்லையென்றால் படியின் அடியில் 30 நிமிடம் தாங்கும், தானே மூடிக்கொள்ளும், விளிம்பில் சூட்டில் விரியும் பட்டை பதித்த கதவு வேண்டும். அந்தக் கதவைத்தான் பீப்பாய் முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள். கை நிறையத் தட்டுகளோடு நாளைக்கு நூறு தடவை போய்வருபவரை நான் குறைசொல்ல மாட்டேன். அலாரம் அடித்ததும் தானே விடுவித்துக்கொள்ளும் காந்தப் பிடி ஒன்றைப் பொருத்தினால் தட்டு சுமப்பவர், மேலே உறங்குபவர் இருவர் பிரச்சினையும் தீரும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியச் சின்னமாக இருந்தால் கதவைத் தொடுவதற்கே தனி அனுமதி தேவை. அப்போது பழைய பலகைக் கதவை எறியாமல், சூட்டில் நுரைத்து விரியும் பூச்சைப் பூசியும் பட்டை பதித்தும் வலுப்படுத்துவதுதான் வழி.

ஜன்னல் வழியாகத் தப்பலாமே என்பார்கள். கட்டட விதிகளின் வழிகாட்டி அதற்கும் அளவு சொல்கிறது. திறக்கும் பரப்பு 0.33 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலமோ உயரமோ 450 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, திறப்பின் அடிப்பாகம் தரையிலிருந்து 1100 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, அந்த மாடியின் தளம் நிலத்திலிருந்து 4.5 மீட்டருக்கு உட்பட்டிருக்க வேண்டும். உயரமான கூரை போட்ட மதுக்கூடத்துக்கு மேலே முதல் மாடி இந்த உயரத்தை எட்டிப்பிடித்துவிடும். இரண்டாம் மாடியில் குழந்தைகள் படுத்தால் ஜன்னல் பேச்சுக்கே இடமில்லை.

சமையலறைப் புகைக்குழாயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பொரிப்பானுக்கு மேலே தொடங்கும் உலோகக் குழாய் கூரைக்கு வெளியே போய்ச் சேர வேண்டும். இடையில் மேல்வீட்டின் அலமாரிக்குப் பின்னாலோ குளியலறைச் சுவரை ஒட்டியோ ஏறும். உள்ளே படியும் கொழுப்புப் பிசின் ஒருமுறை பற்றிக்கொண்டால் குழாய் முழுதும் எரியும், சுவருக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல். அடுப்புக்கு மேலுள்ள புகைக்கூண்டின் வடிகட்டியைப் பணியாள் தினமும் கழுவுவார். கைக்கு எட்டாத குழாயின் உட்புறத்தை அதற்குரிய ஒப்பந்தக்காரர் வந்து சுரண்ட வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் இந்தச் சுத்தத்துக்குச் சான்று கேட்பது வழக்கம். சான்று இல்லையென்றால் இழப்பீட்டைக் குறைக்கவோ மறுக்கவோ அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். காப்பீட்டை உரிமையாளர் எடுத்து, கட்டணத்தைக் குத்தகைதாரரிடம் வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டில், நிபந்தனைத் தாள் குத்தகைதாரர் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் கட்டுகிறவருக்கு அதைக் கேட்டு வாங்கும் நியாயம் உண்டு.

அலாரத்தில் செய்யும் தவறு எளியது. கீழே வணிக வகை அலாரம், மேலே கடையில் வாங்கி ஒட்டிய மின்கலப் புகைமானி. இரண்டுக்கும் தொடர்பே இல்லை. கீழே அடிக்கும் மணி, மூடிய இரண்டு கதவுகளைத் தாண்டி உறங்குபவரை எழுப்பாது. உறங்கும் இடங்களில் தலையணை இருக்கும் இடத்தில் 75 டெசிபல் ஒலி கிடைக்க வேண்டும் என்பது வணிக அலாரத்துக்கான பிரிட்டிஷ் தர அளவு. படுக்கையறைக் கதவை மூடிவைத்து அளந்து பார்த்தால்தான் தெரியும். வாரம் ஒருமுறை அலாரத்தைச் சோதிப்பதும், மாதம் ஒருமுறை அவசர விளக்கைப் பார்ப்பதும், ஆண்டுக்கொருமுறை தீயணைப்பான்களைச் சோதித்துப் பராமரிப்பதும் ஏட்டில் பதிவாக வேண்டிய வழக்கங்கள். ஏடு இல்லையென்றால் செய்ததற்குச் சாட்சி இல்லை.

குடும்பம் அல்லாதவர்கள் தங்கும்போது

மேலே யார் தங்குகிறார்கள் என்பது மாறினால் சட்டமும் மாறும். ஓர் அறையைப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் அந்த அறை தனிக் குடியிருப்பு என்ற தகுதியை இழந்து, ஆணைக்குள் முழுதாக வந்துவிடுகிறது. வாரக் கடைசியில் மட்டும்தானே என்ற சமாதானம் எடுபடாது. சமையற்காரர், இரண்டு பரிமாறுபவர்கள் என்று பணியாளர்களைத் தங்கவைத்தால் இன்னொரு சட்டம் எழுந்து நிற்கும். மூன்று பேராவது, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர்களாக, சமையலறையையோ குளியலறையையோ பகிர்ந்து, அதையே தங்கள் முதன்மை வசிப்பிடமாகக் கொண்டு தங்கினால், 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டப்படி அது பலர் பகிர்ந்து வாழும் வீடு ஆகலாம். வாடகை வாங்கவில்லை என்பது மட்டும் தப்பிக்கும் வழி ஆகாது. வேறு வகைக் கைம்மாறு இருந்தாலும் போதும் என்கிறது சட்டம். ஐந்து பேராகிவிட்டால் உள்ளாட்சி மன்றத்தின் உரிமமும் கட்டாயம். உரிமம் இல்லாமல் நடத்துவது தனிக் குற்றம்.

அரசின் வழிகாட்டி நூல்களும் இந்த இடத்தில் தடுமாறுகின்றன. பப் பொதுவாக 300 பேருக்கு உட்பட்ட சிறு, நடுத்தரக் கூடுமிடங்களுக்கான வழிகாட்டியில் வருகிறது. உறங்குமிடங்களுக்கான வழிகாட்டியோ, மதுக்கூடங்கள் போன்ற இடங்களில் வேலையின் நிபந்தனையாகப் பணியாளர்கள் இரவில் தங்கும் பகுதிகளைத் தன் வரம்பில் சேர்த்துக்கொள்கிறது. வேலையோடு ஒட்டிவரும் தனி வீட்டை விலக்கிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் மேல்மாடிகள் ஏராளம். கடினமான வழிகாட்டியையே பின்பற்றிவிடுவது பாதுகாப்பு என்பது என் கருத்து. உறங்குபவர் குத்தகைதாரரின் மகளா, புதிதாக வந்த சமையற்காரரா என்று புகை விசாரித்து வருவதில்லை.

லண்டனில் கடையும் அதற்கு மேல் வீடுமாகக் குத்தகைக்கு எடுத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. மளிகைக் கடையோ உணவகமோ, மேற்சொன்ன பிரிவுகளில் பெரும்பாலானவை அவர்களுக்கும் அப்படியே பொருந்தும். மேலே இரண்டு தனித்தனிக் குடியிருப்புகள் இருந்தால் 2021ஆம் ஆண்டின் தீப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். கட்டமைப்பு, வெளிச்சுவர், வீட்டு வாசற்கதவு எல்லாம் மதிப்பீட்டுக்குள் வந்துவிடும். ஸ்காட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டங்களே வேறு.

2023 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் நிலைமை இறுகியிருக்கிறது. அதற்கு முன், ஐந்து பணியாளர்களுக்குக் குறைந்தவர்கள் ஆபத்து மதிப்பீட்டை எழுத்தில் வைக்கத் தேவையில்லை என்ற விலக்கு இருந்தது. உரிமம் பெற்ற இடம் என்பதால் பப்களுக்கு அது அப்போதே பயன்படவில்லை என்றாலும், முக்கிய முடிவுகளை மட்டும் குறித்தால் போதும் என்றிருந்தது. இப்போது சிறியது பெரியது என்ற பேதமில்லாமல் மதிப்பீடு முழுவதையும் எழுத வேண்டும், யார் செய்தார் என்று பெயரோடு. ஒரே கட்டடத்தில் வேறு பொறுப்பாளர்கள் இருக்கிறார்களா என்று தேடிக் கண்டுபிடித்து, யார் எதற்குப் பொறுப்பு என்று ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ள வேண்டும். பப் நிறுவனமும் குத்தகைதாரரும் ஒருவரையொருவர் பார்க்காததுபோல் இருந்த காலம் இதனால் முடிந்திருக்க வேண்டும்.

தண்டனை சிறியதல்ல. மரணமோ கடுங்காயமோ விளைவிக்கக்கூடிய குறைபாடு என்று நிரூபணமானால் வரம்பில்லாத அபராதம், இரண்டு ஆண்டுவரை சிறை. ஒருவரும் சாக வேண்டியதில்லை; ஆபத்து இருந்தாலே போதும். நிறுவனமாக இருந்தால், இயக்குநரின் உடந்தையோ அலட்சியமோ வெளிப்பட்டால் அவரும் கூண்டில் ஏறுவார். கார்ன்வாலின் நியூகீயில் பென்ஹாலோ விடுதி 2007 ஆகஸ்டில் எரிந்து மூவர் இறந்தார்கள். விடுதியை வைத்திருந்த நிறுவனத்துக்கு 2011இல் 80,000 பவுண்டு அபராதம். மதிப்பீடும் புகையறியும் ஏற்பாடும் போதாமையே வழக்கின் மையமாக இருந்தன.

குத்தகைதாரர் கையில் இருக்கும் ஆயுதம் காகிதம்தான். தளத்தின் ஓட்டை உரிமையாளர் பொறுப்பு என்றால் படத்தோடு கடிதம் எழுத வேண்டும், தேதியோடு. தொலைபேசியில் நிறுவனத்தின் பகுதி மேலாளரிடம் சொன்னது கணக்கில் வராது. மாற்ற அனுமதி கேட்டு மறுக்கப்பட்டால் மறுப்பையும் எழுத்தில் வாங்க வேண்டும். சட்டங்களுக்கு இணங்க நடப்பது குத்தகைதாரர் செலவு என்ற ஒற்றை வரி பத்திரங்களின் நடுவில் ஒளிந்திருக்கும். பழுதுபார்ப்பு விதி தரும் நிம்மதியை அந்த வரி பறித்துவிடும் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் வழக்கறிஞர் தேவை. பப்பின் மது உரிமம் பல இடங்களில் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கிறது. உரிமத்தோடு இணைந்த வரைபடத்தில் காட்டிய வெளியேறும் வழிகள் இன்றைய கட்டடத்தோடு ஒத்துப்போகின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

பொறுப்பிலிருந்து விலகுபவர், தன்னிடமுள்ள தீப் பாதுகாப்புத் தகவல்களைப் புதிதாக வருபவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதும் 2023 முதல் கடமையாகியிருக்கிறது. பப் கைமாறும் நாளில் மிச்சமிருக்கும் பீரை அளக்கவும், நாற்காலிகளை எண்ணவும், கண்ணாடிக் குவளைகளுக்கு விலை போடவும் இரு தரப்பிலும் மதிப்பீட்டாளர்கள் வந்து அரைநாள் உட்காருவார்கள். அந்த மேசையிலேயே ஆபத்து மதிப்பீட்டையும் அலாரப் பதிவேட்டையும் புகைக்குழாய்ச் சான்றையும் கேட்டு வாங்கலாம். அவை இல்லை என்று விலகுபவர் சொன்னால், அந்தப் பதிலையும் கைமாற்றுப் பட்டியலில் எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே சாவியை வாங்க வேண்டும்.